நின்று சமைக்க ஒரு மேடை

உருத்திரபுரத்தில் எங்கள் கல்வீடு எழும்பிய ஆண்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: குசினியில் இடுப்புயரத்துக்கு ஒரு மேடை. வாய்க்கால் வரம்பில் நாற்றுக் கடகத்தோடு சறுக்கி விழுந்த நாளிலிருந்து என் வலது முழங்கால் மடங்க மறுத்தது. குந்தினால் எழும்ப முடியாது. எழும்பினால் கண்ணில் நீர் முட்டும். நின்று சமைக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேடைக்கு மேல் என்ன போடுவது? மேசன் மூன்று துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்: கருங்கல், முதிரைப் பலகை, சிவப்புச் சாயம் கலந்து இழைத்த சீமெந்து. மூன்றையும் கையால் விசாரித்தேன். கருங்கல் எதற்கும் அசையாது. ஆனால் உளி கொத்திய குழிகளுக்குள் இறால் நாற்றம் குடியேறிவிடும். முதிரையில் கத்தி கீறும், கொதிசட்டி வைத்தால் கறுக்கும். ஆனாலும் சீவிவிட்டால் மறுபடி புதுசு. எங்கள் காணி வெட்டியபோது சாய்த்த மரம்தான், பலகையாகிக் கொட்டிலில் காத்துக் கிடந்தது. சீமெந்து அழகு, பொல்லாத அழகு, மாதுளை முத்தின் ஈரச் சிவப்பு. அதன்மேல் பாதித் தேசிக்காயைக் கவிழ்த்து வைத்தேன். சோறு வடிப்பதற்குள் வெளிறிய ஒரு வட்டம்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இஞ்சருங்கோ, புளி பட்ட இடம் வெளிறிப்போச்சு. முதிரையையே போடுவம்."

"மேடையில ஆர் தேசிக்காய் பிழியப் போகினம்?"

மேசன் கரண்டியைக் கழுவியபடி சிரித்தார். "பின்னை குசினியில என்ன ஐயா, கூட்டமே வைக்கப்போறியள்?"

கணவர் சிரிக்கவில்லை. "புதுவீடு குடிபூரலுக்கு அக்கா ஆக்கள் யாழ்ப்பாணத்தில இருந்து வருகினம். பலகையைக் கண்டால் வன்னிக் காட்டுச் சனம் எண்டு சொல்லுவினம்."

ஆக, என் முழங்காலைவிட அவர்களுடைய நாக்கு கனமாயிருந்தது. மேடைக்குச் சிவப்புச் சீமெந்து ஏறியது; முதிரை முன் விறாந்தைக்குப் போய் விருந்தாளிகள் உட்காரும் வாங்கானது. குடிபூரலன்று மச்சாள் மேடையைத் தடவிப் பார்த்தா. "கண்ணாடி மாதிரிக் கிடக்கு! குடுத்து வைச்சனீர்."

ஒரு கிழமை நின்று சமைத்தேன். ஒரு கிழமை நான் மனுசி. பிறகு ஒரு மத்தியானம் மீனுக்குத் தேசிக்காய் வெட்டிய இடத்தைக் கணவர் கண்டுவிட்டார்.

"எவ்வளவு மினைக்கெட்டுக் கட்டினது! வெட்டுறது கொத்துறதைக் கீழ வைச்சுக்கொள்ளுமன்."

"முழங்கால்...?"

"ஒரு பலகைக்கட்டையைப் போட்டு இரும்."

அடுத்த மாதம் அடுப்பும் இறங்கியது. புகை பட்டுச் சிவப்பு மங்குகிறதாம். அரிவாளும் அம்மியும் முன்னமே நிலத்தில்தான். வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் குசினிக்குத்தான் கூட்டி வருவார். அவர்கள் மேடையைப் பார்ப்பார்கள். அதன் காலடியில் உட்கார்ந்து மீன் செதில் உரசும் என்னைத் தாண்டிப் பார்ப்பார்கள்.

இப்போது அந்தக் குசினியில் நான் நின்று செய்கிற வேலை ஒன்றுதான்: தேங்காயெண்ணெய்த் துணியால் மேடையை மினுக்குவது. எழும்புவதற்கு அதன் விளிம்பைப் பிடித்தால் விரல் பதிந்துவிடும். சுவரைப் பிடித்துத்தான் எழும்புகிறேன்.