ஒல்லி டயருக்கு மாறிய குணா அண்ணன்

சைக்கிள் கடையில் வேலை பார்த்தால், ஊரில் யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு முதுகு வலி, யாருக்கு வீட்டில் பேச்சு எடுபடாது என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். கடையில் நின்று சம்பளம் வாங்குகிறவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகத்தில் சிரிப்பும் காலில் வீக்கமுமாக நிற்கிற கூட்டம்தானே நாம்? மாத்தளை டவுனில் எங்கள் கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண் நான் ஒருத்திதான். "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டேதான் பாதிப் பேர் உள்ளே வருவார்கள்.

தலைகீழ் ஹேண்டில்

எங்கள் பக்கம் மேடு பள்ளம் அதிகம். அதனால் தடித்த டயர் போட்ட மவுண்டன் பைக்தான் காலங்காலமாக ஓடும். நானும் அதில்தான் வேலைக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக, அதை வருடக்கணக்கில் மிதித்துக் களைத்தவர்கள் வந்து ரோட் பைக் கேட்க ஆரம்பித்தார்கள். மலிவானது எடுத்தால் ஒரு மழைக்குத் துருப்பிடிக்கும். உயர்ந்தது எடுக்க வேண்டுமென்றால் வீட்டை ஈடு வைக்க வேண்டும். "நடுத்தர விலையில ஒண்டு ரெண்டு எடுத்துப் போடுவோம் முதலாளி" என்று நான் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் ரிஸ்வான் முதலாளி இரண்டை வரவழைத்தார்.

ஒன்று சிவப்பு. ஹேண்டில் தாழ்ந்து, டயர் ஒல்லியாக, நிற்கும்போதே பறப்பது மாதிரி இருக்கும். மற்றது சாம்பல் நிறம். ஹேண்டில் சற்று உயரம், டயர் கொஞ்சம் அகலம், ஏற்றத்துக்கு இலேசான கியர். பெட்டியைப் பிரித்து இரண்டையும் பொருத்தி வைத்தோம். முதலாளி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கீழ்ப்பக்கமாக வளைந்திருந்த ஹேண்டிலைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மகள், கம்பனிக்காரன் ஹேண்டில தலைகீழா போட்டு அனுப்பியிருக்கான், நீங்களும் பாக்காம எடுத்திருக்கீங்க."

ஆறின பிளேன் டீ

குணா அண்ணன் உக்குவளையில் ஃபார்மஸி வைத்திருக்கிறார். கொஞ்சம் தொப்பை, நிறைய வெட்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு நாலந்தா வரைக்கும் சைக்கிளில் போய், அங்கே ஒரு கடையில் பிளேன் டீ குடித்துவிட்டுத் திரும்புவது அவர்கள் வழக்கம். ஒருநாள் தன் பழைய மவுண்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். அது நன்றாகத்தான் இருந்தது. என்ன குறை என்று கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார். கூட்டாளிகள் எல்லாரும் ரோட் பைக்குக்கு மாறிவிட்டார்களாம். இவர் என்ன மிதித்தாலும் அவர்கள் முதுகுகூடக் கண்ணில் படுவதில்லையாம். போன ஞாயிறு இவர் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் திரும்பப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அவங்க சிரிச்சாக்கூடப் பரவாயில்ல மிஸ், எனக்குன்னு ஒரு டீ வாங்கி மூடி வச்சிட்டுப் போயிடுறாங்க."

சிவப்பு போன பாதை

அவர் கண் சிவப்பின் மேலேயே இருந்தது. "அண்ணே, அது உங்க முதுகுக்குச் சரிவராது" என்று சொன்னேன். விலை கூடின வண்டியை விற்க விடாமல் நான் வாயைக் கொடுத்ததற்கு முதலாளி கவுண்டரிலிருந்து முறைத்தார். சரி, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள் என்றேன். கியரைச் சொல்லிக் கொடுக்க நான் வாயைத் திறப்பதற்குள் மனிதர் பறந்துவிட்டார்.

ஒரு மணித்தியாலம் ஆகியும் ஆளைக் காணோம். முதலாளி வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்தார். அண்ணன் விட்டுப்போன பழைய சைக்கிளைச் சுற்றி வந்து, இதையாவது வைத்துக்கொள்ளலாமா என்று டயரை அமத்திப் பார்த்தார். ரோட் பைக் இரண்டும் என் பேச்சைக் கேட்டு எடுத்தவை. கடைசியில், தம்புள்ளையிலிருந்து வந்த மரக்கறி லொறி ஒன்று கடை முன்னால் நின்றது. கோவா, கரட் மூட்டைகளுக்கு நடுவே சிவப்பு சைக்கிள். அதைக் கட்டிப்பிடித்தபடி குணா அண்ணன்.

நடந்தது இதுதான். அந்த வண்டியில் பிரேக் பிடிக்கும் அதே கைப்பிடியை உள்பக்கம் தள்ளினால்தான் கியர் இலேசாகும். பக்கத்திலுள்ள சின்ன விசை பாரமாக்கும். அவருக்கு அகப்பட்டது சின்ன விசை மட்டும். பஸ் ஸ்டாண்டையும் தாண்டி நாலந்தாப் பக்கம் இறக்கத்தில் போனபோது அது சொர்க்கமாக இருந்திருக்கிறது. திரும்பி ஏறப் பார்த்தால் பெடல் அசையவே இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினவர் சொன்னார்:

"நல்ல சைக்கிள்தான் மிஸ், திரும்பி வரத்தான் தெரியல."

அக்காவின் தீர்ப்பு

அடுத்த நாள் அவருடைய மனைவி சரோஜினி அக்கா நேரில் வந்தார். அண்ணன் குப்புறப் படுத்திருக்கிறாராம். சொந்த ஃபார்மஸி மருந்தையே முதுகில் தேய்த்துக்கொண்டாராம். இரண்டு சைக்கிளையும், பிறகு என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். சாம்பல் சைக்கிள் அண்ணனுக்குச் சரியாக இருக்கும் என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். அக்கா கையை உயர்த்தினார்.

"வேணாம் தங்கச்சி, அவருக்கு லொறிதான் சரியா இருக்கு."

யட்டவத்த ஏற்றம்

அதற்குப் பிறகு அண்ணன் இந்தப் பக்கம் வரவில்லை. முதலாளியும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானே போன் எடுத்தேன். வாங்க வேண்டாம், வந்து சாம்பலில் ஒருதரம் ஏறிப் பாருங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன். வந்தார். "இது வயசாளிங்க சைக்கிள் மாதிரி இருக்கே" என்று முனகினார். சீட்டை அவர் காலுக்கு அளந்து வைத்தேன். கியரை இலேசாக்கவும் பாரமாக்கவும் பத்துத் தரம் மாற்ற வைத்தேன். இனி இன்னொரு லொறிக்கு இடம் கொடுப்பதாக இல்லை.

யட்டவத்த ரோட்டில் புறப்பட்டோம். அவர் சாம்பலில், நான் என் மவுண்டன் பைக்கில். முதல் வளைவு வரை பக்கத்தில் வந்தார். இரண்டாவது வளைவில் முதுகு தெரிந்தது. அதற்குப் பிறகு முதுகும் இல்லை. ஷால் ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம் என்று நான் ஏறிக்கொண்டிருக்க, மேலேயிருந்து மனிதர் திரும்பி இறங்கி வந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. என் பக்கத்தில் பிரேக் பிடித்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"ஏன் மிஸ், உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

காற்று போகாத டயர்

அன்றைக்கே வாங்கிவிட்டார். அந்த வாரமே திரும்பியும் வந்தார். பெற்றோல் செட்டில் காற்று அடிக்கப் போனால் போகவில்லையாம். ரோட் பைக்கின் வால்வு ஒல்லி. நுனியைத் திருகித் திறந்து, வேறு பம்ப்பால் அடிக்க வேண்டும். மவுண்டன் பைக்கிலிருந்து வருகிற எல்லாரும் இந்த இடத்தில் முட்டுவார்கள். பம்ப் ஒன்றைக் கொடுத்துக் காட்டினேன். ஃபார்மஸிக்காரர் அல்லவா, அவருக்கு ஒரு மனவருத்தம் மிச்சமிருந்தது.

"செட்காரன் கேக்கிறான் மிஸ், இது காத்தடிக்கிற வால்வா, சேலைன் ஏத்துற ஊசியான்னு."

அக்கா மறுபடியும்

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் இப்போது கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்புகிறார். டீ சூடாகவே கிடைக்கிறதாம். முதலாளியும் என்னோடு பேசத் தொடங்கிவிட்டார். அப்படி இருக்கும்போது ஒரு காலை சரோஜினி அக்கா கடை முன்னால் வந்து இறங்கினார், அண்ணனின் பழைய மவுண்டன் பைக்கில். நெற்றியெல்லாம் வியர்வை. அது சும்மா கிடக்கிறதே என்று அண்ணன் ஃபார்மஸிக்குப் போன பிறகு ஓட்டிப் பழகினாராம். உக்குவளையிலிருந்து தனியாகவே வந்திருக்கிறார்.

முதலாளி உடனே துணியை எடுத்துச் சிவப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அது அக்காவின் உயரத்துக்குப் பெரிது என்று நான் சொல்லப்போவது பாவம் அவருக்குத் தெரியாது. அக்கா என்னைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தினார்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க தங்கச்சி, அவரு வச்சிருக்கிறத விட கொஞ்சம் வேகமா போறது ஒண்ணு காட்டுங்க."

எந்த ஏற்றத்துக்கும் தோதான கியர் எங்கள் கடையில் இருக்கிறது, புருஷன் பெண்சாதிப் போட்டிக்கான பிரேக் மட்டும் இன்னும் எந்தக் கம்பனியிலிருந்தும் வந்து இறங்கவில்லை.