தனுசியா அனுப்பாத வைத்தியக் கடிதம்

குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. கனடாவில் மார்க்கம் நகரத்துக் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை செய்த தனுசியா, சாப்பாட்டு அறையில் புட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கைபேசியில் வாசித்தாள். இலங்கையில், களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அவளுடைய தகப்பன் கந்தப்போடிக்குச் சிறுநீரக வருத்தம் இருப்பதாக மருத்துவப் பரிசோதனையில் தெரிகிறது. அவர் கனடாவுக்கு வந்தால் பொதுச் சுகாதாரச் சேவைக்கு அளவுமீறிய செலவு வரும் என்று அதிகாரி கருதுகிறார். அவருக்கு அனுமதி இல்லையென்றால் தாய் கோணேஸ்வரிக்கும் இல்லை. மறுத்துச் சொல்ல ஏதும் இருந்தால் தொண்ணூறு நாட்களுக்குள் அனுப்பலாம்.

வாசித்ததும் அவளுக்குக் கவலை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகி, மூச்சு ஆழமாக இறங்கியது. 'அப்ப வரமாட்டாங்க' என்று நினைத்தாள். நினைத்தது தான்தானா என்று அடுத்த நொடியே பயந்துபோய், பெட்டியை மூடிவிட்டு எழுந்தாள்.

அதற்குப் பத்து மாதம் முன்புதான் அவளுடைய மாமியார் சந்திரவதனா இறந்திருந்தார். பக்கவாதம் வந்து ஆறு வருடம் படுக்கையில் கிடந்தவர். கணவன் கிருபனுக்குப் பின்னேர வேலை. ஆகவே தனுசியாதான் வேலையால் வந்து மாமியாரைத் துடைத்து, பம்பர்ஸ் மாற்றி, கஞ்சி பருக்குவாள். யாரிடமும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலில் காண்கிறவர்கள், "உம்மைப் போல ஒரு மருமகள் கிடைக்கக் குடுத்து வைக்கோணும்" என்பார்கள். பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்கப் பெயர் கொடுத்ததும், அரசாங்கக் குலுக்கலில் அது விழுந்ததும் அந்த வருடங்களில்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு மாமியாரின் அறையைக் கழுவி, ஒரு மேசையும் கதிரையும் போட்டாள். சனிக்கிழமைகளில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே சும்மா இருப்பாள். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கென்று கிடைத்த முதல் அறை அது.

கிருபன் கடிதத்தைப் பெரிதாக எடுக்கவில்லை. "உதுக்கு ஏன் யோசிக்கிறீர்? அங்க ஒரு டொக்டரிட்ட லெற்றர் எடுத்து அனுப்பினாச் சரி" என்றான்.

கந்தப்போடி பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வேலையைச் சொன்னால் முடித்துவிட்டுத்தான் உட்காருவார். எழுபத்து நான்கு வயதில் நான்கு தரம் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், சிறுநீரக வைத்தியரிடம் இரண்டு பக்கக் கடிதம் வாங்கினார். ஐந்து வருடமாக வருத்தம் கூடவில்லை, டயாலிசிஸ் தேவையில்லை, மாத்திரையோடு சமாளிக்கலாம் என்று அதில் இருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து, சந்தியிலுள்ள கடையில் ஸ்கான் பண்ணி வட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்றைக்கே தொலைபேசியும் எடுத்தார்.

"கிடைச்சிதா புள்ள?"

"கிடைச்சிது அப்பா."

"எழுத்து விளங்குதா? விளங்காட்டிச் சொல்லு, திரும்ப எடுத்து அனுப்புறன்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "இப்ப உப்பில்லாமத்தான் தின்னுறார். அடுத்த சோதனையில இன்னும் நல்லாக் காட்டணுமாம்."

தொண்ணூறு நாளில் அது இருபத்தாறாவது நாள். திணைக்களத்தின் இணையக் கணக்கு தனுசியாவின் பெயரில் இருந்தது. பத்து நிமிட வேலை. இன்றைக்குக் களைப்பு, சனிக்கிழமை ஆறுதலாகச் செய்வோம் என்று முதலில் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டாள். கிருபன் ஒருநாள், "அனுப்பிட்டீரா?" என்று கேட்டபோது கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்காமல் "ஓம்" என்றாள்.

கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. வேலைக்குப் போனாள், வரும் வழியில் மரக்கறி வாங்கினாள், வந்து சமைத்தாள்.

நிராகரிப்பு ஒக்டோபரில் வந்தது. 'விண்ணப்பதாரர் தரப்பிலிருந்து பதில் எதுவும் கிடைக்கவில்லை' என்ற வரியை விட்டுவிட்டு, மற்றதைத் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள்.

"என்ட வருத்தத்தால உன்ட பாடெல்லாம் வீணாப் போச்சு புள்ள. அம்மாக்கும் என்னாலதான் வரக் கிடைக்கல்ல. குறை நினைச்சிடாத."

தனுசியா கைபேசியை வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மேன்முறையீடு செய்ய முப்பது நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கிருபன் தானே கடிதத்தை எடுத்து வாசித்தான். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினான்.

"இதென்ன, பதில் வரேல்லை எண்டிருக்கு? நீர் அனுப்பினனீர்தானே?"

அவள் மடித்துக்கொண்டிருந்த உடுப்பைக் கீழே வைத்தாள். அவனுக்கு விளங்கக் கனநேரம் எடுக்கவில்லை.

"ஏன் தனு?"

"எனக்கு இன்னொரு தரம் ஏலாது."

அவன் சத்தம் போடவில்லை. கடிதத்தை மடித்து மேசையில் வைத்தான். "என்ர அம்மாவை நீர் ஆறு வருசம் பாத்தனீர். உம்மட அப்பாவை நான் பாக்க மாட்டனே? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அப்படி ஒரு வழி இருந்தது என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவனிடம் கேட்க நினைக்காதது, தகப்பனுக்குச் செய்ததைவிடச் சின்னப் பிழையாகவும் தெரியவில்லை.

மேன்முறையீட்டுக்கு அவர்கள் பிடித்த வழக்கறிஞர் அன்ரனெற் கோப்பைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார். "விசாரணையில அப்பாவையும் ஃபோன்ல கேப்பினம். கடிதத்தை எப்ப எடுத்தனீங்கள், யாரிட்டக் குடுத்தனீங்கள் எண்டு. அவருக்கு முதலே தெரிஞ்சிருக்கிறது நல்லது."

கோயில் வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்துதான் தகப்பனுக்கு எடுத்தாள்.

"அப்பா, நீங்க அனுப்பின கடிதத்த நான் குடுக்கல்ல."

"ஏன், அவங்களுக்குப் போய்ச் சேரல்லயா?"

"நான் அனுப்பல்ல அப்பா. மறந்து போயில்ல. வேணுமெண்டுதான்."

மறுபக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"நாங்க வந்தா உனக்குக் கஸ்டமெண்டா புள்ள?"

அவள் கார்க் கண்ணாடியை ஏற்றி மூடினாள்.

"அதச் சொல்லியிரிக்கலாமே மகள். நான் நாலு தரம் பஸ்ஸேறிப் போயிரிக்க மாட்டனே."

அவள் அழுதாள். அவள் அழுது முடியும்வரை இருந்துவிட்டு அவர், "அம்மாக்குச் சொல்லாத. அவக்கு உங்களப் பாக்கணும். நீ வழக்க நடத்து" என்றார்.

விசாரணைக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. கணினித் திரையில் தெரிந்த அதிகாரி ஏன் பதில் அனுப்பவில்லை என்று கேட்டபோது தனுசியா ஒளிக்கவில்லை. தனக்குத் தெம்பு இருக்கவில்லை என்றாள். தகப்பன் செய்யவேண்டியதெல்லாம் செய்தார், பிழை தன்னுடையது என்றாள். பிறகு கந்தப்போடியைத் தொலைபேசியில் கேட்டார்கள். கடிதத்தை மகளுக்கு அனுப்பிய திகதியைப் பிசகாமல் சொன்னார். வேறேதும் சொல்ல விருப்பமா என்று கேட்டார்கள்.

"என்ட மகள் ஆறு வருசம் மாமியப் பாத்தவ ஐயா. களைச்சுப் போனா. அவ்வளவுதான்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை தனுசியா திரையைப் பார்க்கவில்லை.

மேன்முறையீடு வென்றது. அடுத்த வருடம் நவம்பரில் இருவரும் வந்து இறங்கினார்கள். மேசையை எடுத்துவிட்டு அந்த அறையிலேயே கட்டில் போட்டார்கள். கிருபன் சொன்னபடியே மாமனாரை வைத்தியரிடம் கூட்டிப் போகிறான், இரத்தம் எடுப்பிக்கிறான், மாத்திரை எண்ணி வைக்கிறான்.

கந்தப்போடி தன் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்க்கிறார். குளித்தபின் குளியலறை நிலத்தைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறார். ஒரு காலையில் தனுசியா இறங்கி வந்தபோது, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவின் ஓரத்தில் இருந்தார்.

"ஏன் அப்பா, ஹீற்றரக் கூட்டியிரிக்கலாமே?"

"உங்களக் கேக்காம எப்பிடி புள்ள."

எப்போதும் 'நீ' என்று கூப்பிட்ட தகப்பன். அவள் ஹீற்றரைக் கூட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள். அங்கே அம்மா ஊரிலுள்ள தங்கச்சியோடு தொலைபேசியில் உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். "எங்கட மகள் விடல்லியே! வழக்குப் போட்டு, வெண்டுதானே எங்களக் கூப்பிட்டவ. ஆர்ர பிள்ள இப்பிடிச் செய்யும், சொல்லு?"

வாசலால் தகப்பனின் முதுகு தெரிந்தது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை. தனுசியா கேத்தலில் தண்ணீர் நிரப்பத் தொடங்கினாள்.