கசையடிக் காட்சியும் ஒரு ஹெட்போனும்

"தவக்காலத்தின் ஐந்தாம் வெள்ளி, பின்னேரம். கசையடிக் காட்சி, ஒத்திகை. மத்தளம் மைக்குக்கு மிகக் கிட்ட. காற்று இல்லை." அந்த ஒலிப்பதிவுக்கு நான் எழுதி வைத்த குறிப்பு இவ்வளவுதான். யேசுவாக நடித்தவரின் கண் போனதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. குறிப்பை எழுதும்போது கண் இருந்தது.

மன்னார்த் தீவின் கரையில் உள்ள எங்கள் ஊரில் பெரிய வெள்ளியையொட்டி யேசுவின் பாடுகளின் கூத்து நடக்கும். எந்த வருஷத்தில் எந்தப் பாட்டு விடுபட்டது, யார் எந்த வேஷம் கட்டினார் என்று பிற்பாடு பார்ப்பதற்காக, ஒத்திகை உட்பட எல்லாவற்றையும் பதிவு செய்வேன்.

கசையடிக்கு இரண்டு தார்ப் பீப்பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கடதாசி ஒட்டிக் கற்றூண் ஆக்குவார்கள். யேசுவாக நடிப்பவரின் கைகள் அதில் கட்டப்படும். முதுகில் வெள்ளைத் துணிக்கு அடியில் மடித்த சாக்கு இருக்கும். சாட்டை அதில்தான் விழ வேண்டும். உண்மையாக வலித்தால் அவரால் கத்திச் சொல்ல முடியாது. கத்துவது கூத்தின் பகுதி. ஆகவே விரல் முட்டியால் பீப்பாயில் இரண்டு தரம் தட்டுவார், சாட்டையால் அடிக்கும் சேவகன் நிறுத்துவான். இது எல்லோரும் அறிந்த ஏற்பாடு.

அந்த வருஷம் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார், தென்னந்தும்புக் கயிற்றுச் சாட்டைக்குச் சத்தம் காணாது, இன்னும் பலமாகக் கேட்க வேண்டும் என்றார். சேவகனாக நடித்த மீனவர் வள்ளத்து நைலோன் கயிற்றில் புதிதாக ஒன்று பின்னி வந்தார். நைலோன் கயிற்றை வெட்டினால், பிரியாமல் இருக்க நுனியை நெருப்பில் உருக்கிவிடுவது எங்கள் கரையில் எல்லோருக்கும் கைப்பழக்கம். சாட்டையின் ஒவ்வொரு நுனியையும் அவர் அப்படியே உருக்கியிருந்தார். ஆறிய பிறகு அது கூழாங்கல் போல இறுகிவிடும். ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

யேசுவாக நின்றவர் அண்ணாவியாரின் தம்பி. ஓர் அடி சாக்கைத் தாண்டித் தோளைச் சுற்றி முகத்துக்குப் போனது. இடது கண். அதன் பிறகும் சாட்டை விழுந்தது. பெண்கள் அழுதார்கள். "சாயம் நல்லாப் பிடிச்சிருக்கு" என்று எனக்குப் பின்னால் ஒருவர் மெச்சினார். தம்பி கட்டோடு தொங்கிய பிறகுதான் மத்தளம் நின்றது.

ஆஸ்பத்திரியில் தம்பி, "தட்டினனான்" என்றார். சேவகன், "மாதா அறிய, தட்டேல்லை" என்றார். அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் முன்பே வலை வெட்டிய தகராறு ஒன்று இருந்தது. அதில் அண்ணாவியார் சேவகனின் பல்லை உடைத்திருந்தார்.

அண்ணாவியார் என் வீட்டுக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளில் ஒரு துடுப்பு கட்டியிருந்தது.

"தட்டின சத்தம் பதிவில கேக்குதோ?"

"மத்தளம் மூடுது அண்ணை. இந்த ஹெட்போனில எல்லாம் ஒரே தொம்."

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். செவிப்பஞ்சு உரிந்து, வயருக்குச் சுற்றும் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது.

"இதென்ன, நாய் கடிச்ச செருப்போ? இதை வச்சுத்தான் ஊர்ச் சரித்திரம் எழுதுறீரோ?"

ஹெட்போனை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

"நல்லது ஒண்டு எடும். தம்பி தட்டியிருந்தானெண்டா அடிச்சவன்ர வலக்கையை முறிப்பன். தட்டேல்லையெண்டா விட்டிடுறன்."

நல்ல ஸ்ரூடியோ ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டும் என்று நெடுநாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பழையது தாழ்ந்த சத்தங்களை ஊதிக் காட்டும். ஆனால் அது எங்கே பொய் சொல்லும் என்பது எனக்குப் பழகிவிட்டது. புதியதின் குணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். இப்படித் தள்ளிப்போட்ட விஷயத்தில் இப்போது ஒரு மனிதனின் கை வந்து மாட்டிக்கொண்டது. என் ஹெட்போன் பழையதாக இருக்கும்வரை அந்தக் கை பத்திரம் என்று நினைத்தேன்.

அது பிழை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்த நேரம் சேவகன் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. உடைந்த ஓடு அவருடைய மனைவியின் மண்டையைப் பிளந்தது. முற்றத்திலிருந்து கிணற்றடி வரை இரத்தம் சொட்டியிருந்ததைப் பார்த்தேன். பிந்தினால் இன்னும் என்ன நடக்குமோ என்று, மறுநாள் அண்ணாவியாரின் மோட்டார் சைக்கிளில் அவரோடு மன்னார் ரவுணுக்குப் போனேன்.

அங்கே கலியாண வீடியோ செய்கிறவரின் ஸ்ரூடியோவில் புது ஹெட்போன் ஒன்று விற்பனைக்கு இருந்தது. "இது இனிமையாக் கேக்காது சேர், உள்ளதைத்தான் சொல்லும்" என்றார் அவர். முதலில் எனக்கு நன்றாகத் தெரிந்த திருநாள் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். சுற்றுப்பிரகார ஊர்வலத்தின் சத்தத்துக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், ஒரு கழுதை கத்திக்கொண்டிருந்தது. அதை நான் அதுவரை கேட்டதே இல்லை.

பிறகு ஒத்திகையைப் போட்டேன். கயிறு காற்றைக் கிழிப்பது தனியாகக் கேட்டது. சாக்கில் விழுந்த அடி மந்தமாக இருந்தது. தோலில் விழுந்தது ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி. பழைய ஹெட்போன் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. மத்தளத்தின் இரண்டு அடிகளுக்கு இடையில் பீப்பாய்த் தகரத்தில் ஒரு சத்தம். அதையடுத்து ஒரு குரல். அதையடுத்து, முன்னையவற்றைவிடப் பலத்த ஓர் அடியும், எந்தப் பாட்டிலும் இல்லாத ஓர் அலறலும். கண்ணில் விழுந்த அடி அதுதான்.

திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"என்ன? இருக்கோ?" என்றார் அண்ணாவியார்.

"தகரத்தில ஒரு சத்தம் இருக்கு."

அவர் எழும்பினார். "காணும்."

"இருங்கோ அண்ணை. கையோ, தலை முட்டினதோ தெரியேல்லை. பிறகும் ஒண்டு இருக்கு. நீங்களே கேளுங்கோ."

ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். அவருடைய விரல்கள் மேசையில் மத்தளத்தின் தாளத்தைப் போட்டன. அது அவரை அறியாமல் நடப்பது. பிறகு விரல்கள் நின்றன.

தகரச் சத்தத்துக்குப் பிறகு வருவது அவருடைய குரல். "பலமா. பலமா அடியடா. சத்தம் காணாது."

அதைத் தான் சொன்னது அவருக்குத் தெரியும். ஆனால் ஆரம்பத்தில், முதல் அடிகளுக்குத்தான் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படிச் சொன்னபோது அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

மறுபடி போடச் சொல்லிக் கையைக் காட்டினார். போட்டேன். அலறல் வரும் இடத்தில் ஹெட்போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். தலைப்பட்டி முறிந்தது. போதாமல் அதை எடுத்துத் தன் நெற்றியில் அடித்தார், தோல் வெடித்துப் புருவத்தில் இரத்தம் இறங்கும்வரை. நானும் ஸ்ரூடியோக்காரரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத்தான் நிறுத்தினோம்.

"தலையைப் போய்க் கழுவுங்கோ அண்ணை" என்றார் ஸ்ரூடியோக்காரர், சுவரில் இருந்த கீறலைப் பார்த்தபடி.

அண்ணாவியார் கழுவவில்லை. வெளியே போய், மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த துடுப்பை அவிழ்த்து மதிலோடு சாத்திவிட்டுப் போனார். அதை நான் பஸ்ஸில் கொண்டுவந்தேன். சேவகனின் கை முறியவில்லை. அந்த வருஷம் கசையடிக் காட்சி இல்லாமலே கூத்து ஆடப்பட்டது. அண்ணாவியார் அதன் பிறகு யாரையும் பழக்கவில்லை.

வாங்குவதா விடுவதா என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது. முறிந்த ஹெட்போனை நான்தான் காசு கொடுத்து எடுக்க வேண்டியிருந்தது. பட்டியைத் தூண்டில் நரம்பான தங்கூசியால் இறுக்கிக் கட்டிப் பாவிக்கிறேன். கேட்க நன்றாகவே இருக்கிறது.

தகரத்தில் விழுந்த அந்தச் சத்தம் விரல் முட்டியா, நெற்றியா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. பதிவில் அது ஒரு தரம்தான் கேட்கிறது. இரண்டாவது தட்டு மத்தளத்துக்கு அடியில் இருந்திருக்கலாம். தம்பியிடம் இரண்டு வருஷம் கழித்துக் கேட்டபோது, தட்டினதாக ஆஸ்பத்திரியில் சொன்னதே தனக்கு நினைவில்லை என்றார்.