அமெரிக்காவில் கிடைத்த இடம்

என் அண்ணன் இலங்கையின் மலைநாட்டில், ஹட்டனில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். சுற்றுவட்டத் தோட்டங்கள் பலவற்றின் வரவு செலவு அங்கேதான் வந்து சேரும். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்தெடுத்தார். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிறந்த ஒருவர் டை கட்டிக்கொண்டு ரயிலேறுவதைப் பார்க்கவே அப்போதெல்லாம் பிள்ளைகள் வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

லண்டன் கணக்கியல் பரீட்சைகளைத் தபால் மூலம் படித்துத் தேறிய பிறகும் அண்ணனுக்கு மனம் அடங்கவில்லை. அமெரிக்காவில் வியாபார நிர்வாகம் என்றொரு மேற்படிப்பு இருக்கிறது, கெட்டிக்காரர்களுக்குப் பெரிய பல்கலைக்கழகங்களே உதவிப் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன என்று எங்கோ வாசித்திருந்தார். கணக்கு எழுதுகிறவன் கடைசிவரை எழுதிக்கொண்டேதான் இருப்பான், தீர்மானிக்கிறவர்கள் வேறு எங்கிருந்தோ வருகிறார்கள் என்று என்னிடம் சொல்வார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இதையெல்லாம் பேச அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை.

அந்தப் படிப்பை முடித்துவிட்டு வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கொழும்பில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். ஏப்ரல் விடுமுறைக்கு அவர் நுவரெலியாவில் தங்கியிருப்பது தெரிந்து, அண்ணன் ஆபீஸ் மூலமாக அனுமதி கேட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போகக் கூச்சம். நானு ஓயாவில் இறங்கி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. நனைந்த சேலையோடு அந்த வீட்டு நாற்காலியில் உட்கார எனக்குத் தயக்கமாக இருந்தது.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். தேநீர் கொடுக்கச் சொன்னார். வீண்பேச்சு பேசவில்லை. அண்ணன் கொண்டுபோன காகிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதது குறைதான், ஆனால் லண்டன் பரீட்சைகளை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள இடமுண்டு என்றார். ஆட்களை வைத்து வேலை வாங்கிய அனுபவம் உண்டா என்று கேட்டார். தோட்டத்தில் கூட்டுறவுக் கடை ஒன்றைத் தொடங்கி நடத்தியதை அண்ணன் சொன்னார். அதை ஏன் எழுதவில்லை, கூட்டி முடித்த கணக்கைவிட அதைத்தான் அவர்கள் தேடுவார்கள் என்று அவர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். தோட்டத்தை நிர்வகித்த துரை கொடுத்திருந்த நற்சான்றைப் படித்தபோது அவர் முகம் மாறியது.

"நேர்மையானவர், சொன்னதைக் கேட்டு நடப்பவர் எண்டு எழுதியிருக்கிறார். இது காவல்காரனுக்குக் குடுக்கிற கடிதம், தம்பி. வேற ஆளிட்ட வாங்கும்."

அண்ணன் தலையாட்டினார். கடைசியில், வாய்ப்பு எப்படி இருக்குங்க ஐயா என்று மெதுவாகக் கேட்டார்.

"உமக்குக் கிடைக்கும். எனக்குச் சந்தேகமில்லை," என்றவர், காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுக்கும்போது, "பாஸ்போர்ட் இருக்குதோ?" என்று கேட்டார்.

 இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து மக்கள் இங்கே பிறந்திருந்தாலும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்; எங்கள் குடும்பத்தின் விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. பாட்டியின் சாவுக்குத் திருச்சிப் பக்கம் போன அப்பா, காய்ச்சலில் படுத்து அங்கேயே நெடுநாள் தங்கிவிட்டதால், தொடர்ந்து இங்கே வசித்ததாக ஏற்றுக்கொள்ளவில்லை. இதை அண்ணன் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். தோட்டத்து மக்களின் இந்த நிலை அவருக்குத் தெரியாமலிருந்திருக்காது. தன் எதிரே உட்கார்ந்திருப்பவரோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"அதுக்கு நான் என்ன சொல்லுறது," என்றார்.

 ஆனாலும் அண்ணன் விண்ணப்பத்தை அனுப்பினார். கூட்டுறவுக் கடையைப் பற்றி எழுதினார். பழைய தலைமையாசிரியரிடம் புதிதாக நற்சான்று வாங்கினார். கொழும்புக்குப் போய் அந்தப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சையும் எழுதினார். அந்த மனிதர் கணித்தது போலவே இடம் கிடைத்தது, உதவிப் பணத்தோடு. அம்மா அன்று கோயிலில் தேங்காய் உடைத்தார். எனக்கு மட்டும் சந்தோஷப்படப் பயமாக இருந்தது.

பிரஜை அல்லாதவருக்குக் கடவுச்சீட்டு இல்லை என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டால் பாஸ்போர்ட் கொடுக்க முடியும். ஆனால் படித்துவிட்டு இலங்கைக்குத் திரும்ப வேண்டுமென்றால் விசாவுக்கு இந்த நாட்டு அரசாங்கத்தைத்தான் கேட்க வேண்டும், கொடுப்பார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாராம்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாதான் முதலில் பேசினார்.

"நீ போப்பா. எங்களப் பத்தி யோசிக்காத."

"போனா உங்களப் பாக்க வர முடியாதுப்பா," என்றார் அண்ணன்.

"வந்து பாத்து என்ன ஆகப்போகுது? எங்கயாச்சும் நல்லாருந்தா போதும்."

 அடுப்பங்கரையில் அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அண்ணன் மறுபடி கண்டிக்குப் போகவில்லை. பல்கலைக்கழகம் ஒரு வருஷம் இடத்தை வைத்திருந்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அந்த வருஷம் முழுவதும் அவர் என்னிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. ஆபீசில் அவருக்கு மேலே இங்கிலாந்தில் படித்த ஓர் இளைஞரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவருக்குத் தோட்டக் கணக்கைப் பழக்கிவிடும் வேலையும் அண்ணனுக்கே வந்தது.

கொஞ்ச காலத்தில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எங்களில் பெரும்பகுதியை இந்தியா எடுத்துக்கொள்ளும், மிச்சப் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று ரேடியோவில் சொன்னார்கள். யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அண்ணனிடம், "அப்ப நம்மளயும் அனுப்பிருவாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

 "எங்களுக்காகப் போகாம இருந்துட்டியேடா," என்றார் அப்பா. அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனார். திரும்பி வர நேரமானது. நானும் போய்ப் பார்க்கவில்லை.