சவரிமுத்து அண்ணனின் தனி வாசிப்பு

செய்தியைக் கொண்டு வந்தவர் ரொட்டி விற்கும் பாய். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தி, "டீச்சர், ஒங்க கிட்டார்காரரு தவறிட்டாரு. கூலிம் ஆஸ்பத்திரில. காய்ச்சல்னுதான் போனாரு" என்றார். "அப்போ சனிக்கிழமை கல்யாணத்துக்கு யார் வாசிப்பாங்க?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் புரியவில்லை. பாய்க்கும் புரிந்திருக்காது.

உங்களில் பலருக்குச் சவரிமுத்து அண்ணன் தோட்டத்து லோரி டிரைவர், கல்யாணக் கச்சேரியில் ஓரமாக உட்கார்ந்து கிட்டார் வாசிப்பவர். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் அவருடைய தனி வாசிப்பு வரும். "பாடறவருக்குத் தண்ணி தாகம் எடுத்தாத்தான் எனக்குச் சோறு" என்பார்.

என் கணவரைப் போலிஸ் விசாரணைக்கென்று கூட்டிப்போய்த் தடுப்பு முகாமில் வைத்த வருடம்தான் இதெல்லாம் தொடங்கியது. தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதப் பயம், எழுதாமலிருக்கவும் முடியவில்லை. ஆகவே நம் தோட்டத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் சவரி அண்ணனின் வாசிப்புகளைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். எழுதுகிற அந்த ஒரு மணி நேரம் முகாமை மறந்திருப்பேன்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பாடாங் செராய்க் கல்யாணத்தில் கேட்டது. பாட்டு தொடங்குமுன் கண்ணை மூடி ஒவ்வொரு கம்பியாக இழுத்தார், தளர்த்தினார், மறுபடி இழுத்தார். கீழ்க்கம்பி கேட்கிறது, மேல்கம்பி பதில் சொல்லத் தயங்குகிறது என்று மூன்று பக்கம் எழுதினேன். படித்துவிட்டு அண்ணன் பள்ளிக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், அது பாட்டு இல்ல லா. தோட்டத்து வேலி கேட்டுல, காட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு அரிசி கடத்துறேனான்னு பாக்க, கிட்டாருக்குள்ள கைய விட்டான் போலிஸ்காரன். கம்பியெல்லாம் தளத்த வேண்டியதாப் போச்சு. அங்க போயி சுருதி சேத்தேன், அவ்வளோதான்."

எனக்கு மானம் போயிற்று. பக்கங்களைக் கிழிக்கப் போனேன். அவர் பிடுங்கி என் மேசை இழுப்பறையில் வைத்தார். "வாசிச்சதப் பத்தி எவனும் ஒரு வரி எழுதல. வாசிக்காததுக்கு மூணு பக்கம் கெடச்சிருக்கு. இருக்கட்டும்" என்றார்.

அதற்குள் அந்தப் பக்கங்களின் நகலை என் கடிதத்தோடு முகாமுக்கு அனுப்பிவிட்டிருந்தேன். என் கணவரிடமிருந்து வந்த கடிதத்தில் மற்றதெல்லாம் மை பூசி அழிக்கப்பட்டிருந்தது. மிச்சம் இருந்த வரி இது: வெளியே வந்ததும் அந்த வாசிப்பைத்தான் முதலில் கேட்க வேண்டும். அண்ணனிடம் காட்டினேன். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "சார் வரட்டும். வாசிச்சுக் காட்டறேன்" என்றார்.

எதை வாசிப்பார்? கேட்கத் தைரியம் வரவில்லை. ஆனால் லூனாஸ் கல்யாணத்துக்கு நானும் அதே லோரியில் போனேன். அன்று கேட்டில் கிட்டாரை யாரும் தொடவில்லை. கம்பிகள் சரியாகவே இருந்தன. இருந்தும் மேடையில் உட்கார்ந்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தி மறுபடி இழுத்தார். அதே தயக்கம், அதே பதில். நான் அழுதேன். இறங்கியதும், "இப்ப வாசிச்சீங்களா, சுருதி சேத்தீங்களா?" என்று கேட்டேன். "தெரியலையே டீச்சர்" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவரும் குழம்பித்தான் போயிருந்தார்.

கேட்டை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று அண்ணனை அவசரமாக அடக்கம் செய்துவிட்டார்கள். நான் ஒரு பிடி மண் போட்டேன். அப்போதும் அழுகை வரவில்லை, இனி யார் வாசிப்பார்கள் என்ற கேள்விதான் வந்தது.

என் கணவரை அடுத்த மாதம் விடப்போவதாகச் சொல்கிறார்கள். வந்ததும் அந்த வாசிப்பைக் கேட்பார். அவரிடம் கொடுக்க என்னிடம் அந்த மூன்று பக்கங்கள் இருக்கின்றன. அதில் இருப்பது பாட்டுதானா என்று சொல்ல இனி யாரும் இல்லை. நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.