கன்னி மூலைப் பீலி

போன கிழமை எங்கள் வீட்டுக்குப் பீலி பூட்ட இரண்டு பேர் வந்தார்கள். கூரையால் வடிகிற தண்ணீரை ஏந்திக் குழாய்க்குக் கொண்டுபோகும் தகர வாய்க்காலை எங்கள் பக்கத்தில் பீலி என்றுதான் சொல்வது. பழைய பீலியைப் பனி இழுத்து வளைத்துவிட்டது. இந்த ஊரில் வீடு வைத்திருப்பது படுக்கையில் கிடக்கும் ஆளைப் பராமரிப்பது மாதிரி. ஒன்றைப் பார்த்து முடிய இன்னொன்று வரும். வந்தவர்களில் மூத்தவர் ஏணியைச் சாத்தி வைத்துவிட்டு, தண்ணீரை எந்த மூலையில் விடுவது என்று பிரெஞ்சில் கேட்டார். சாதாரணக் கேள்வி. நானோ கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாமியறை வாசலில் நின்றேன். அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா ஒரு பழைய வீடு வாங்கினார். மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போகிற பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும். எங்கள் ஆட்களை அந்தப் பக்கம் அப்போது காண்பதே அருமை. வீட்டைச் சுற்றிப் பெரிய பெரிய மேப்பிள் மரங்கள். வீடு பார்க்கப் போன அன்று அந்த மரங்களைக் கண்டு அம்மா சந்தோஷப்பட்டார். குடிவந்த பிறகு ஒருநாளும் அவற்றைப் பார்த்து அவர் சந்தோஷப்படவில்லை.

அந்த வீட்டுக்குப் பீலியே இல்லை. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முழுக்கச் சுவரோரம் விழுந்து, நிலத்துக்குள் இறங்கி, பேஸ்மன்ட் சுவரில் ஈரமாகக் கசியும். பேஸ்மன்டில்தான் எங்கள் சாமியறை. வடகிழக்கு மூலை, அதாவது ஈசான மூலை, அங்கேதான் சரியாக அமைந்தது என்று அப்பா அதைப் பலகை அடித்து மறைத்து எடுத்திருந்தார். சாமியறைக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில் அண்ணையின் படம். நான் கைக்குழந்தையாக இருக்கும்போது ஊரில் காணாமல் போனவர். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இழுத்த தலை. எனக்குத் தெரிந்த அண்ணை அவ்வளவுதான். அந்தப் படத்துக்கு அம்மா மாலை போடவிடமாட்டார். அண்ணையைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

பேஸ்மன்டின் மற்றப் பாதியில் மாமாவின் கட்டில் கிடந்தது. மாமா அம்மாவின் தம்பி. முதலில் அவர் தனியே வந்தார். மாமியும் சின்னப் பிள்ளையும் ஊரில் நின்றார்கள். அவர்களைக் கூப்பிட மாமா விசாவுக்கு எழுதிப்போட்டிருந்தார். வசந்தத்தில் வந்துவிடுவார்கள் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள். வந்தால் அந்தப் பேஸ்மன்ட்தான் வீடு. பிள்ளைக்கு இழுப்பு வருத்தம். ஈரத்தில் படுத்தால் விடிய விடிய மூச்சு இழுக்கும் என்று மாமி தொலைபேசியில் அழுவார். "பிள்ளை வரமுதல் காயவைச்சுத் தாறன்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பா சும்மா வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. கொடுத்தால் நித்திரை கொள்ளவும் மாட்டார்.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலி வந்து இறங்கியது. பூட்டுகிற ஆட்களைப் பிடிக்க வசதியில்லை. அப்பாவும் மாமாவுமே பூட்டுவதாக ஏற்பாடு. முதல் வேலையாக அப்பா ஒரு திசைகாட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். இந்த ஊரில் தெருப் பலகையில் வடக்கு என்று எழுதியிருக்கும் பக்கம் உண்மையான வடக்கு இல்லை. அதை நம்பினால் சூரியன் தெற்கில் உதிக்கும். அப்பா வீட்டைச் சுற்றி வந்து, சாமியறைக்கு நேர் மேலே உள்ள மூலையில் கையை வைத்து, "இதுதான். முழுத் தண்ணியும் இதிலை விழோணும்" என்றார்.

மாமா ஏணியில் பாதியில் நின்றார். "அத்தான், நிலம் சரிஞ்சு கிடக்கிறது அங்காலை. அந்த ரோட்டைப் பார்த்த மூலைக்கு விட்டால் தண்ணி தன்ரை பாட்டிலை ஓடிடும்."

"அது கன்னி மூலை."

"கன்னி மூலையோ காளி மூலையோ, தண்ணிக்குப் பள்ளம்தானே தெரியும்."

"வேற என்னவெண்டாலும் சொல்லு தம்பி, கேக்கிறன். தென்மேற்கிலை தண்ணி விழுற வீட்டிலை நான் இருக்கமாட்டன்."

அப்பா குரலை உயர்த்தவில்லை. மாமா தன் அக்காவைப் பார்த்தார். அம்மா வேறு எங்கோ பார்த்தார். பிறகு மாமா மேலே ஏறிவிட்டார். அத்தானின் வீட்டில் இருக்கிற ஆள் அதற்கு மேல் என்ன சொல்வது. பொழுது படும்வரை இருவரும் ஆணி அடித்தார்கள். கூரையின் நான்கு பக்கத்துப் பீலியும் சரிந்து சரிந்து ஈசான மூலைக்கே வந்து சேர்ந்தது. முடிந்ததும் அப்பா முழுகிவிட்டு வந்து, குழாயின் காலுக்கு மஞ்சள் தெளித்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு தேங்காய் உடைத்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். எங்கள் வீட்டில் ஏதோ செத்துப்போய்ப் புதைக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் மேப்பிள் மரங்கள் தங்கள் வேலையைத் தொடங்கின. வழித்த இடத்தில் மறுநாள் இலை. அப்பா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். இருட்டோடு எழும்பிப் போய், முதல் பஸ், பிறகு மெட்ரோ, பின்னேரம் திரும்பி வரும்போது உடம்பு முழுக்க மல்லி இலை மணமும், இடுப்பு நிமிராத நாரிப்பிடிப்புமாக வருவார். வந்ததும் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஏணியில் ஏறி, கையால் இலையை வழித்து வாளிக்குள் போடுவார். அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மரத்தை நட்டவன் ஆரெண்டு கண்டால் நாலு கேள்வி கேப்பன்" என்பார். முழு இலையும் விழுந்து முடியுமுன் பனி விழுந்துவிட்டது. மிச்ச இலை பீலிக்குள்ளேயே உறைந்தது. மாரி முழுவதும் கூரையோரம் என் உயரத்துக்குப் பனிக்கட்டிகள் தொங்கின. எனக்கு அவை வடிவாகத் தெரிந்தன. அப்பா அவற்றைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்.

பனி உருகத் தொடங்கிய கிழமை கூரையிலிருந்த அவ்வளவும் தண்ணீராகி, நாங்கள் வழிகாட்டிய மாதிரியே ஈசான மூலைக்கு வந்தது. முன்பு நாலு பக்கமும் பிரிந்து விழுந்த தண்ணீரை ஓரிடத்துக்குக் கூட்டி வந்து, பூசை செய்து, சாமியறைத் தலையில் விட்டிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தால் வந்து படியில் இறங்க, அம்மா சாமிப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் கணுக்கால் தண்ணீரில் நின்றார். அண்ணையின் படம் மேலே குசினி மேசையில் முதலிலேயே ஏற்றப்பட்டுப் பத்திரமாக இருந்தது. மாமாவின் மெத்தை தண்ணீரைக் குடித்துப் பாரமாகிக் கிடந்தது.

அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் படியிலேயே நின்றார். மாமா தண்ணீரை வாளியால் அள்ளிக்கொண்டே, "ஈசானம் நல்லாய்த்தான் வேலை செய்யுது அத்தான். சாமிக்கும் எனக்கும் வேற வேறயாய்க் குளிக்கத் தேவையில்லை" என்றார். பகிடிதான். யாரும் சிரிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் மாமா மெதுவாகக் கதையை எடுத்தார். மாமிக்கும் பிள்ளைக்கும் விசா வந்துவிட்டதாம். பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடியில் ஓர் அறை கிடக்கிறதாம். அங்கே போய்விடுகிறேன் என்றார். அம்மா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பி. இத்தனை வருடம் கழித்துக் கைக்கெட்டின உறவு. கண்ணீர் சோற்றுக் கோப்பைக்குள் விழுந்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்திருப்பார். அவர் கை கழுவிவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு விடிய, ஏணி சுவரில் உரசுகிற சத்தம் கேட்டு நான் யன்னலுக்கு ஓடினேன். அப்பா மேலே நின்று பீலியின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமா சாரத்தோடும் குளிர்ச் சட்டையோடும் வெளியே ஓடிவந்தார்.

"அத்தான், என்ன செய்யிறியள்? நீங்கள்தானே அந்த மூலை வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

"பிள்ளை வருது. ஏணியைப் பிடி."

"நான் சும்மா ஒரு கதைக்குத்தான் போறனெண்டு..."

"பிடி எண்டால் பிடியன்."

அன்று முழுக்க இருவரும் பீலியை மறுபக்கம் சரித்துப் பூட்டினார்கள். குழாயை வீட்டின் மறுமூலைக்கு, ரோட்டைப் பார்த்த கன்னி மூலைக்கு இறக்கினார்கள். மாமா ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தார். அது பீலியில் ஓடி, குழாயால் இறங்கி, சரிவில் வழுக்கிக்கொண்டு போயே போய்விட்டது. அம்மா கையைத் தட்டாத குறை. நான் சாமியறைக்குப் போய் ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினேன்.

"இதுக்கு வேண்டாம் பிள்ளை. கொண்டுபோய் வை" என்றார்.

பேஸ்மன்ட் காய்ந்தது. சித்திரைக்குப் பிறகு மாமியும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். அந்தப் பிள்ளை அந்த அறையில் வாயைத் திறந்துகொண்டு, ஓர் இழுப்பும் இல்லாமல் நித்திரை கொண்டது. மாமி அதையே பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தார். முருகன் செயல் என்று அம்மா விளக்கேற்றினார்.

அப்பாவிடம்தான் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. வேலையால் வந்து தேத்தண்ணி குடித்ததும் வெளியே போய் அந்தக் குழாய் மூலையில் நிற்பார். கையில் ஒரு தடி, மாரியென்றால் பனி அள்ளும் சவள். மேலே பீலியைப் பார்ப்பார், ரோட்டைப் பார்ப்பார், திரும்ப மேலே பார்ப்பார். அம்மா தொழிற்சாலை வேலை முடிந்து பஸ்ஸால் இறங்குவார். பிறகு மாமா வருவார். பிறகு, நான் வளர்ந்து கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது, எல்லாருக்கும் கடைசியாக நான். நான் வந்து படியேறின பிறகுதான் தடியைச் சாத்தி வைத்துவிட்டு அவரும் உள்ளே வருவார். காலெல்லாம் வீங்கியிருக்கும். கதிரையில் விழுந்ததும் அப்படியே கண் சொருகிவிடும்.

"அத்தான் பீலிக்குக் காவல் நிக்கிறார்" என்று மாமா பகிடி பண்ணுவார். "ஆரும் கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு பயம் போலை." நாங்கள் எல்லாரும் சிரிப்போம். நான் கூடச் சிரிப்பேன். நானும் அப்பா பீலியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். பிடிவாதக்காரன் தோற்றுப்போன பிறகும் எங்கேயாவது ஒரு ஒழுக்குக் கண்டுபிடித்து, நான் சொன்னேன்தானே என்று சொல்லக் காத்திருக்கிறார் என்று கூட நினைத்ததுண்டு.

அப்பா காலமாகி, முதலாம் ஆண்டுத் திவசத்துக்குச் சமைக்கும்போது அம்மா வாழைக்காய் சீவியபடி தானாகவே சொன்னார். ஊரில் எங்கள் வீட்டுச் சுவரோடு ஒட்டிச் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கினபோது, பின்னால் வாழைகளுக்குத் தண்ணி போகட்டும் என்று அப்பா பீலியைக் கன்னி மூலைக்கு விட்டாராம். அந்த மாரியில்தான் ரியூசன் வகுப்புக்குச் சைக்கிளில் போன அண்ணை திரும்பி வரவில்லையாம். சாத்திரம் கேட்கப் போன இடத்தில், வீட்டுத் தண்ணி தென்மேற்கால் போகுது, பிள்ளை எப்படி நிக்கும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நாடு முழுக்கப் பிள்ளையள் காணாமல் போன நேரம். எல்லா வீட்டுத் தண்ணியுமோ கன்னி மூலைக்குப் போனது? ஆனால் அந்த மனுசனுக்குச் சொல்லி விளங்கப்படுத்தேலாது. கையாலை பூட்டினது தான்தானே எண்டு..." அம்மா சீவின வாழைக்காயைத் தண்ணீரில் போட்டார்.

சாமியறை வாசலிலிருந்து நான் வெளியே வந்து, காத்து நின்ற பீலிக்காரரிடம், பள்ளமான பக்கத்தைக் காட்டினேன். இந்த வீட்டிலும் அது தென்மேற்குத்தான். அவர் சரியென்று ஏணியில் ஏறினார். அவர்கள் போன பிறகு நான் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து யன்னலடியில் நின்றேன். என் மகன் வருகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கால் உளைந்தது, கதிரையில் இருக்க மனம் வரவில்லை.

பழைய வீட்டில் அப்பா நின்ற அந்த மூலையிலிருந்து பார்த்தால் தெருமுனையில் பஸ் நிற்கும் இடம் தெரியும். தை மாதத்தில், ஒரு சொட்டுத் தண்ணீரும் ஓடாமல் கல்லாக உறைந்து கிடந்த பீலியில் பின்னேரம் முழுக்கப் பார்ப்பதற்கு என்ன இருந்தது என்று, அவர் தோளில் விழுந்திருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே போன எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.