கோர்ட்டில் வாபஸ் வாங்க வந்த திரௌபதி

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதும் திரௌபதிக்குக் கோபம் சட்டென்று வரும். மனநோயோடு தெருவில் திரிந்த தம்பி அன்பரசனை யாரோ கல்லால் அடித்த அன்று, நேராக விருத்தாசலம் கோர்ட்டுக்குப் போனாள். அவனுக்கு வைத்தியமும் தங்க இடமும் கேட்டு மனுப் போட்டாள். நீதிபதி இரண்டுக்கும் உத்தரவிட்டார்.

மறு ஆண்டு, 2004இல், தேறிய தம்பியோடு தேங்காய் பழத் தட்டை ஏந்தி வந்து நின்றாள்.

"கேஸுதான் முடிஞ்சிபோச்சே, ஏம்மா வந்தீங்க?" என்றார் குமாஸ்தா.

"முடிஞ்சதாலதாங்க வந்தேன். கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டுனா, கேட்டது நடந்ததும் போயி வாபஸ் வாங்குறோம். சாமிக்கே அப்படின்னா கோர்ட்டுக்கு வாணாமா?"

"இங்க அந்த வழக்கமெல்லாம் இல்லம்மா."

"இல்லன்னா இன்னிக்கு ஆரம்பிங்க!"

அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு விசாரித்த நீதிபதியும் சிரித்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாள் கொடுக்கச் சொன்னார். திரௌபதி கை நீட்டுவதற்குள் அன்பரசன் பேனாவை வாங்கிக்கொண்டான்.

"போன தடவ என்னப் பத்தி நீ எழுதுன. இத நான் எழுதுறேன்க்கா."